பதினேழாம் நம்பர் வீட்டுக்குப் போட்ட டிக்

எனக்கு ஓரிடத்தில் உட்கார வராது. சர்ச்சில் பிரசங்கம் நீண்டுபோனால் செருப்பைக் கழற்றுவதும் மாட்டுவதுமாக இருப்பேன். அடுப்பில் பாலை வைத்துவிட்டு அது பொங்கும்வரை நிற்கப் பொறுக்காமல் மாடிக்குப் போய்த் துணி எடுத்துக்கொண்டு வருவேன், அதற்குள் பால் வழிந்து அடுப்பு அணைந்திருக்கும். மகன் பிறந்த பிறகு டீச்சர் வேலையை விட்டுவிட்டுச் செம்பாக்கத்து வீட்டில் ஒன்றரை வருடம் இருந்தேன். அந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் வீட்டுப் பீரோ நான்கு அறைகளுக்கும் போய்வந்துவிட்டது. அதனால், எங்கள் மகளிர் குழுவில் யானைக்கால் நோய்க்கு வீடு வீடாக மாத்திரை கொடுக்க ஆள் வேண்டும் என்று கேட்டபோது, யாரும் வாய் திறப்பதற்கு முன் நான் கையைத் தூக்கிவிட்டேன்.

ஒரு நாள் பயிற்சி கொடுத்தார்கள். எங்கள் பகுதிக்குப் பொறுப்பான சுகாதார ஆய்வாளர்தான் வகுப்பெடுத்தார். மெலிந்த மனிதர், எப்போதும் தோளில் ஒரு ரெக்சின் பை. அவர் சொன்னது எனக்கு உடனே பிடித்துப்போனது. யானைக்கால் வந்தவருடைய காலைத்தான் நாம் பார்க்கிறோம். ஆனால் கால் வீங்காத, தனக்கு நோய் இருப்பதே தெரியாத ஒருவருடைய ரத்தத்தில் நோயை உண்டாக்கும் புழுவின் குஞ்சுகள் ஓடிக்கொண்டிருக்கும். கொசு அவரைக் கடித்துவிட்டுப் பக்கத்து வீட்டுக்காரரைக் கடிக்கும். வருடத்துக்கு ஒருமுறை ஊரே சேர்ந்து மாத்திரை விழுங்கினால் ரத்தத்தில் குஞ்சுகள் இருக்காது, கொசுவுக்குத் தூக்கிக்கொண்டு போக ஒன்றும் கிடைக்காது. சில வருடம் இப்படி விடாமல் செய்தால் நோய் தானாக ஓயும். ஆனால் ஊரே விழுங்க வேண்டும். அங்கே நாலு வீடு இங்கே நாலு வீடு என்று விட்டுவிட்டால் அந்த வீடுகளுக்குள் அது உயிரோடு காத்திருக்கும்.

கையில் கொடுத்துவிட்டு வரக்கூடாது, எங்கள் கண் முன்னால் விழுங்க வேண்டும் என்பதை மட்டும் அவர் மூன்று முறை சொன்னார். பெரியவர்களுக்கு மூன்று வெள்ளை மாத்திரையும் ஒரு பூச்சி மாத்திரையும். பிள்ளைகளுக்கு வயதுப்படி குறைவு. இரண்டு வயதுக்குக் கீழே உள்ள குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் கிடையாது. விழுங்கியதும் நோட்டில் அவரவர் பேருக்கு நேரே டிக். வீட்டை விட்டு வெளியே வரும்போது வாசல் சுவரில் சாக்பீஸால் எத்தனை பேர் விழுங்கினார்கள், வீட்டில் மொத்தம் எத்தனை பேர் என்று எழுத வேண்டும்.

முதல் வருடம் எனக்குக் கொடுத்த இரண்டு தெருவையும் நாலே நாளில் முடித்தேன். வெறும் வயிற்றில் போடக்கூடாது என்பதால் காலை பத்து மணிக்கு மேல் கிளம்புவேன். ஆபீஸ் போகிறவர்களைப் பிடிக்கத் திரும்பவும் சாயங்காலம். மாத்திரையை நாக்குக்கு அடியில் ஒதுக்கிக்கொண்டு தலையாட்டிய ஒரு பேங்க் அதிகாரியை, அவர் பேசட்டும் என்று அவருடைய மகளின் மார்க்கைப் பற்றிக் கேட்டு, கரைந்த மாத்திரையின் கசப்பில் அவராகவே தண்ணீர் கேட்கும்படி செய்தேன். அந்த நாட்களில் நான் நன்றாகத் தூங்கினேன்.

பதினேழாம் நம்பர் எங்கள் வீட்டுக்குப் பின்னால் உள்ள சந்தில் இருந்தது. அந்த வீட்டுப் பெண் இட்லி மாவு அரைத்து விற்றாள். என்னைவிட இரண்டு மூன்று வயது சின்னவள். புருஷன் தாம்பரத்துக்கும் வேளச்சேரிக்கும் ஷேர் ஆட்டோ ஓட்டினான். மாமியார், ஏசி மெக்கானிக் வேலை பார்த்த கொழுந்தன், அப்புறம் தவழ்ந்துகொண்டிருந்த ஒரு பெண் குழந்தை. என்னை அக்கா என்று கூப்பிட்டு உள்ளே அழைத்து, முன்னறையில் ஓடிக்கொண்டிருந்த இரண்டு கிரைண்டர்களையும் நிறுத்திவிட்டு, பெரியவர்கள் நாலு பேரையும் வரிசையாக உட்காரவைத்து மாத்திரை போடவைத்தாள். குழந்தைக்கு இரண்டு வயது ஆகவில்லை. வெளியே வந்து சுவரில் 4/5 என்று எழுதினேன். அவள் ஒரு கவரில் மாவு கட்டிக் கொடுத்தாள்.

அங்கே இருந்தபோது வீட்டின் பின்பக்கத்தைப் பார்த்திருந்தேன். கிரைண்டர் கழுவும் தண்ணீரும் செப்டிக் டேங்க் வழிந்ததும் சேர்ந்து, எங்கள் காம்பவுண்டை ஒட்டிய பள்ளத்தில் கறுப்பாகத் தேங்கி நின்றது. மேலே கொசுப் புழுக்கள் நெளிந்தன. யானைக்கால் கொசு அழுக்குத் தண்ணீரில்தான் முட்டையிடும் என்று பயிற்சியில் படம் போட்டுக் காட்டியிருந்தார்கள். மாத்திரை வேலை முடிந்த பிறகும் என்னால் சும்மா இருக்க முடியவில்லை. மாடியில் நின்று அந்தப் பள்ளத்தைப் போட்டோ எடுத்து, வீட்டு நம்பரோடு தெரு வாட்ஸப் குரூப்பில் போட்டேன். போதாதென்று வார்டு ஆபீசில் எழுதியும் கொடுத்தேன். அவளிடம் போய் ஒரு வார்த்தை சொல்லிப் பார்க்கலாம் என்று அப்போது தோன்றவே இல்லை.

ஆட்கள் வந்தார்கள். வெளியே போகும் குழாயை அடைத்தார்கள், சரிசெய்யும்வரை கிரைண்டர் ஓட்டக்கூடாது என்றார்கள். ஒன்றரை மாதம் அந்த வீட்டில் மாவு அரைக்கவில்லை. ஒருநாள் மத்தியானம் அவள் எங்கள் கேட்டுக்கு வந்து நின்றாள். கத்துவாள் என்று எதிர்பார்த்தேன், கத்தவில்லை. ஆனால் எதிர்வீட்டில் காய் வாங்கிக்கொண்டிருந்தவர்களுக்குக் கேட்கும் குரலில் சொன்னாள்:

"மாத்திரை குடுக்கிறேன்னு வூட்டுக்குள்ள வந்து நோட்டம் பாத்துனு போயிருக்கீங்க. கதவத் தொறந்து வுட்டது என் தப்பு."

நான் கொசுவைப் பற்றி ஏதோ விளக்க ஆரம்பித்தேன். அவள் முழுதும் கேட்காமல் போய்விட்டாள். அன்று முதல் சந்தில் எதிரே வந்தால் நான் போன் பார்ப்பேன், அவள் சேலைத் தலைப்பைச் சரிசெய்வாள்.

அடுத்த வருடம் மறுபடி மாத்திரைச் சுற்று வந்தது. நோட்டும் பையும் சாக்பீஸும் கொடுத்தார்கள். மற்ற வீடுகளை எல்லாம் முடித்துவிட்டுப் பதினேழை மட்டும் கடைசிக்குத் தள்ளினேன். மூன்று நாள் அந்தச் சந்தின் முனைவரை போய்த் திரும்பினேன். நாலாம் நாள் நோட்டை ஒப்படைக்க வேண்டும். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனேன். கேட் சாத்தியிருந்தது, உள்ளே கிரைண்டர் ஓடும் சத்தம். பெல்லை அழுத்தக் கை போனது. அழுத்தவில்லை. சுவரில் 5/5 என்று வேகமாக எழுதிவிட்டுத் திரும்பினேன். வீட்டுக்கு வந்து ஐந்து பேருக்கும் டிக் போட்டேன். குழந்தைக்கு அந்த வருடம் இரண்டு வயது முடிந்திருந்தது, அவளுக்கும் சேர்த்து. மீதி மாத்திரைகள் கணக்கில் இடிக்கும் என்று காகிதத்தில் சுற்றி, முருங்கைக்காய்த் தோலுக்கு அடியில் குப்பைக்கூடையில் போட்டேன்.

அன்றைக்கு நோட்டை ஒப்படைக்கும்வரை அந்தப் பக்கத்தை இரண்டு தடவை எடுத்துப் பார்த்தேன். அதற்கடுத்த வருடம் எடுத்துப் பார்க்கவில்லை. அதே சுவர், அதே 5/5, அதே குப்பைக்கூடை. இந்த முறை சந்து முனையில் நின்று யோசிக்கக்கூட இல்லை. ஒரு வீடுதானே என்று இருந்தது. எங்கள் இரண்டு தெருவிலும் ஒருவர்கூட விடுபடவில்லை என்று கூட்டத்தில் ஆய்வாளர் என்னை எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டவைத்தார். நானும் எழுந்து நின்றேன்.

அதோடு எங்கள் பகுதியில் மாத்திரைச் சுற்றுகள் நின்றன. போதுமான வருடங்கள் கொடுத்தாகிவிட்டது, இனிப் பரிசோதனை செய்து பார்ப்பார்கள் என்றார்கள். மகனை எல்கேஜியில் சேர்த்துவிட்டு நானும் சேலையூர் பக்கம் ஓர் உதவிபெறும் பள்ளியில் டீச்சராகச் சேர்ந்தேன். இரண்டாம் வகுப்பு எனக்கு. நாலாவது வருடம் ஜூன் மாதம் வகுப்புக்கு வந்த பிள்ளைகளில் பதினேழாம் நம்பர் வீட்டுக் குழந்தையும் இருந்தாள். அவளைக் கொண்டுவந்து விட்ட பாட்டி என்னைப் பார்த்துத் தலையசைத்தாள். அம்மா வரவில்லை. குழந்தை கெட்டிக்காரி. எதைக் கேட்டாலும் பதில் சொல்லிவிட்டு, பதில் சரியா என்று என் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பாள்.

காலாண்டுப் பரீட்சைக்கு முன்னால் சுகாதாரத் துறையிலிருந்து பரிசோதனைக்கு வந்தார்கள். ஒன்றாம் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு மட்டும். அந்த வயதுப் பிள்ளைகளின் ரத்தத்தில் நோயின் அடையாளம் இல்லையென்றால் அந்தப் பகுதியில் நோய் பரவுவது நின்றுவிட்டது என்று அர்த்தம். விரல் நுனியில் ஒரு குத்து, ஒரு சொட்டு ரத்தம், சின்ன அட்டையில் விட்டுப் பத்து நிமிடம் காத்திருக்க வேண்டும். ஒரு கோடு வந்தால் ஒன்றுமில்லை. இரண்டு கோடு வந்தால் இருக்கிறது. பிள்ளைகளின் கையைப் பிடித்துக்கொள்வது என் வேலை. அழுகிறவர்களுக்குக் கதை சொன்னேன், அழாதவர்களைத் தட்டிக்கொடுத்தேன். அவள் அழவில்லை. ஊசி குத்தும்போது விரலைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள்.

மேஜையில் அட்டைகளை நம்பர் போட்டு வரிசையாக வைத்திருந்தார்கள். என்னால் பத்து நிமிடம் உட்கார முடிந்தால்தானே. இப்படியும் அப்படியும் நடந்துகொண்டே ஒவ்வோர் அட்டையாகப் பார்த்தேன். ஒரு கோடு, ஒரு கோடு, ஒரு கோடு. அவளுடைய அட்டையில் முதல் கோட்டுக்குப் பக்கத்தில் வெளிறிய ரோஸ் நிறத்தில் இன்னொன்று எழும்பிக்கொண்டிருந்தது. டெக்னீஷியன் பெண் அதை எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். இன்னொரு அட்டை எடுத்து அதே குழந்தையை மறுபடி கூப்பிட்டாள். அதிலும் இரண்டு. எங்கள் பள்ளியில் அன்று இரண்டு கோடு வந்தது அவள் ஒருத்திக்குத்தான்.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்தவள், சட்டினி அரைத்து, அதை ஃப்ரிட்ஜில் வைத்துவிட்டு மறுபடி தேங்காய் துருவினேன். கணவர் என்ன என்று கேட்டார். சொன்னேன். அவர், யாரிடமிருந்து யாருக்கு எப்போது வந்தது என்று யாராலும் சொல்ல முடியாது, நீ கொடுத்திருந்தாலும் வந்திருக்கலாம், இத்தனை வருடம் கழித்து எதற்குத் தோண்டுகிறாய் என்றார். அவர் சொன்னது தப்பில்லை. ஆனால் அது எனக்கு உதவவில்லை. வகுப்புத் தேர்வுத் தாள் திருத்தும்போது சரியான விடைக்கு டிக் போடப் பேனாவை வைத்தால், டிக் போட வரவில்லை. அந்த வாரம் முழுக்கத் தாள்களில் விடைக்குப் பக்கத்தில் வட்டம் போட்டேன். பிள்ளைகள் தப்பா மிஸ், தப்பா மிஸ் என்று வந்து கேட்டார்கள்.

நாலாம் நாள் பள்ளியில் அரைநாள் லீவு சொல்லிவிட்டு ஆய்வாளரைப் பார்க்கப் போனேன். தலை இன்னும் நரைத்திருந்தது, அதே ரெக்சின் பை. என்னை அடையாளம் தெரிந்து உட்காரச் சொன்னார். உட்காரவில்லை.

"சார், பதினேழாம் நம்பர் வீட்டுக்கு ரெண்டு வருஷம் நான் மாத்திரை குடுக்கல. குடுத்ததா டிக் போட்டேன்."

அவர் பேனாவை மூடிக் கீழே வைத்தார். பிறகு, "வேற எத்தனை வீடு?" என்றார்.

"அது ஒண்ணுதான் சார்."

நம்பாத மாதிரிதான் பார்த்தார். அவர் கோபப்படவில்லை என்பது எனக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. ஏதோ ஒரு பீரோவின் அடியிலிருந்து கடைசிச் சுற்றின் பழைய நோட்டைத் தேடி எடுத்துவரச் சொல்லி, என் முன்னால் விரித்து, ஒவ்வொரு வீடாகக் கேட்டார். இங்கே போனீர்களா, யார் இருந்தார்கள், நீங்களே பார்த்தீர்களா. நாற்பத்து மூன்று வீடு. சில வீடுகளில் எனக்கு நினைவில்லை. நினைவில்லை என்று சொன்ன இடங்களில் பென்சிலால் கோடு போட்டார். முடித்தபோது என்னுடைய பக்கத்தில் பதினொரு கோடு இருந்தது. ஒன்றுதான் என்று சொல்லிக்கொண்டு வந்தவள் நான்.

"இத்தனை வருஷத்துல இதை வந்து சொன்ன மொத ஆள் நீங்கதாம்மா," என்றார். பாராட்டாகச் சொன்னாரா, மற்றவர்களை நினைத்துச் சொன்னாரா என்று தெரியவில்லை. அந்தக் குழந்தையின் வீட்டையும் சுற்றியுள்ள தெருக்களையும் எப்படியும் பரிசோதிக்கப்போகிறோம், ஊழியர்கள் ராத்திரி எட்டரைக்கு மேல் வருவார்கள், அந்தப் புழு ராத்திரியில்தான் ரத்தத்தில் மேலே வரும் என்றார். பிறகு அந்தத் தெருக்களில் எல்லோருக்கும் மறுபடி மாத்திரை. அந்தச் சுற்றுக்கு நீங்களும் வர வேண்டும் என்றார். நான் வேறு யாரையாவது அனுப்புங்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் என் பேரை எழுதிவிட்டார்.

ராத்திரி ரத்தம் எடுத்ததில் அவளுடைய கொழுந்தனுக்குப் புழு இருந்தது. குழந்தையின் ரத்தத்தில் குஞ்சுகள் எதுவும் இல்லை, ஆனாலும் அட்டையில் இரண்டு கோடு வந்ததால் அவளுக்கும் மருந்து. இருவருக்கும் பன்னிரண்டு நாள் மாத்திரை, மற்றவர்களுக்கு ஒருநாள் மாத்திரை. எங்கள் வீட்டிலும் எடுத்தார்கள். எங்கள் மூன்று பேருக்கும் ஒன்றுமில்லை. அதைக் கேட்டுச் சந்தோஷப்பட்டுவிட்டு, சந்தோஷப்பட்டதற்காக அன்று முழுக்க என்மேலேயே எரிச்சலாக இருந்தேன்.

ஒரு சனிக்கிழமை காலை பதினோரு மணிக்குப் பதினேழாம் நம்பர் வீட்டு பெல்லை அழுத்தினேன். அவள்தான் கதவைத் திறந்தாள். கையெல்லாம் உளுந்து மாவு.

"வாங்க டீச்சர்," என்றாள். அக்கா இல்லை.

உள்ளே எல்லோரும் இருந்தார்கள். ஆய்வாளர் முன்பே போன் செய்திருக்கிறார். நான் பையைக் கீழே வைப்பதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று வரும் வழியெல்லாம் மனப்பாடம் செய்திருந்தேன். ஆனால் அந்தப் பெண் கையைக் கழுவப் பின்பக்கம் போனபோது நானும் பின்னாலேயே போய், அங்கே குழாயடியில் வைத்துத்தான் சொன்னேன். இரண்டு வருடமும் நான் வரவில்லை, வராமலே எழுதிவிட்டேன் என்று.

அவள் கையைக் கழுவி முடித்துக் குழாயை மூடினாள்.

"தெரியும்," என்றாள். "நீங்க செவுத்துல எழுதிக்கினு இருந்ததை ஜன்னல்லருந்து பாத்துனுதான் இருந்தேன். ரெண்டு தபாவும் பாத்தேன்."

"அப்ப ஏன் என்னைக் கூப்பிடல?"

"நான் ஏன் கூப்புடணும்? கூப்டா வந்திருப்பீங்களா?"

வந்திருப்பேன் என்று சொன்னேன். அது உண்மையா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அவள் சேலையில் கையைத் துடைத்தாள். அவளும் என்னை அன்றைக்குத் திட்ட வேண்டும் என்று நினைத்திருக்கிறாள், கூப்பிட்டு மாத்திரை கேட்டால் இறங்கிப்போன மாதிரி ஆகிவிடும் என்று நினைத்திருக்கிறாள். அடுத்த நாளே ஈரத்துணியால் அந்த 5/5ஐத் துடைத்தும் விட்டிருக்கிறாள். இதையெல்லாம் கோபமில்லாமல், வேறு யாருடைய விஷயத்தையோ சொல்வதுபோலச் சொன்னாள். கடைசியில் மட்டும் குரல் மாறியது.

"உங்க ரோசமும் என் ரோசமும் சேந்து குழந்தை ரத்தத்துல வந்து நிக்குது. போங்க. உள்ள போயி மாத்திரையக் குடுங்க."

முன்னறையில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நான் மாத்திரையைப் பிரித்ததும் அவள், நீங்கள் முதலில் போடுங்கள் என்றாள். அந்தச் சுற்றில் எனக்குரியதை நான் இன்னும் போடவில்லை. போட்டேன். வாயைத் திறந்து காட்டினேன். அவள் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் தன் பங்கை வாங்கிக்கொண்டாள். கொழுந்தன் மாத்திரைகளை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு என்னிடம் கேட்டான், "கால் வீங்குமா டீச்சர்? எனக்கு மார்ச்சுல கல்யாணம் பேசிக்கினுகீறாங்க." உடம்பில் இன்னும் எதுவும் தெரியாததால் இப்போதே மருந்து போட்டுக்கொண்டால் வீங்காமல் பார்த்துக்கொள்ளலாம் என்று ஆய்வாளர் சொன்னதை நானும் சொன்னேன். சொல்லும்போது அவனுடைய காலைப் பார்க்காமல் இருக்க முயன்றேன். அவன் தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தான்.

மறுநாள் ஞாயிறு. சர்ச்சுக்குக் கிளம்பிக்கொண்டிருந்தபோது கேட்டை யாரோ தட்டினார்கள். அவள்தான்.

"என் கொழுந்தனுக்கு ஒடம்பு கொதிக்குது. தலையத் தூக்க முடியல. இன்னா மாத்திரை குடுத்தீங்க?"

ரத்தத்தில் புழு இருப்பவருக்கு மாத்திரை போட்டதும் புழு சாகும், அப்போது காய்ச்சலும் தலைவலியும் வரலாம் என்று பயிற்சியில் படித்தது எல்லாம் எனக்குத் தெரியும். மற்றவர்களுக்கு எத்தனை முறை அதைச் சொல்லியிருப்பேன். அந்த நிமிடத்தில் எதுவும் நினைவுக்கு வரவில்லை. சர்ச்சுக்குக் கட்டிய சேலையோடு அவள் பின்னால் ஓடினேன். ஆய்வாளருக்கு போன் செய்தேன், அவர் ஞாயிறு என்றும் பாராமல் ஆரம்ப சுகாதார நிலையத்து டாக்டரிடம் கேட்டுச் சொன்னார். பாராசிட்டமால், நிறையத் தண்ணீர், வேறு ஏதாவது தெரிந்தால் உடனே கூட்டிவர வேண்டும். அவனுடைய அண்ணன் ஆட்டோவை வாசலிலேயே திருப்பி நிறுத்திவைத்தான்.

அன்று நான் சர்ச்சுக்குப் போகவில்லை. மாமியார் கொண்டுவந்து போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்தேன், எழுந்தேன், தெர்மாமீட்டர் வைத்தேன், அஞ்சு நிமிஷத்துக்கு ஒருமுறை நெற்றியைத் தொட்டேன். அந்தப் பையனுக்கு எரிச்சல் வந்திருக்க வேண்டும், போர்வையை இழுத்து முகத்தை மூடிக்கொண்டான். மத்தியானம் அவள் ஒரு தட்டில் ரெண்டு இட்லி வைத்து என் முன்னால் நீட்டினாள். சாப்பிட்டேன். சாயங்காலம் ஐந்து மணிக்குக் காய்ச்சல் இறங்கி அவனுக்கு வியர்த்தது. டீ கேட்டான். குழந்தைக்கு எதுவும் வரவில்லை. மாத்திரை கசக்கிறது என்று மட்டும் சொல்லி, பன்னிரண்டு நாளும் சர்க்கரை கேட்டாள்.

பென்சில் கோடு போட்ட பதினொரு வீடுகளுக்கும் போனேன். பெரும்பாலானவர்கள் அந்த வருடம் விழுங்கினோமா இல்லையா என்று நினைவில்லை என்றார்கள். ஒரு வீட்டில், நீங்கள் வந்தீர்கள், அவசரமாக மேஜையில் வைத்துவிட்டுப் போனீர்கள், நாங்கள் போடவில்லை என்றார்கள். அதை வந்து ஆய்வாளரிடம் சொன்னேன். அவர் எழுதிக்கொண்டார். என்மேல் என்ன நடவடிக்கை என்று கேட்டேன். சம்பளமில்லாத ஆளை என்ன செய்வது, அடுத்த சுற்று வந்தால் சரியாகச் செய்யுங்கள் என்றார். தண்டனை ஏதாவது கொடுத்திருந்தால் முடிந்துபோயிருக்கும் என்று எனக்கு இருந்தது.

கொழுந்தனுக்கு மறுபடி ராத்திரி ரத்தம் எடுத்துப் பார்த்ததில் குஞ்சுகள் இல்லை. மார்ச்சில் கல்யாணம் நடந்தது. பத்திரிகை எங்கள் வீட்டுக்கும் வந்தது, மாமியார் கையில். குழந்தையைப் பற்றிக் கேட்டபோது ஆய்வாளர், பயப்பட ஒன்றுமில்லை, ஆனால் அட்டையில் அந்த இரண்டாவது கோடு இன்னும் சில வருடம்கூட வரலாம், பெரிய புழு செத்து அடையாளம் மறைய நாளாகும் என்றார். வருடம் ஒருமுறை வந்து பார்ப்பார்களாம். இல்லை என்று ஒரே வார்த்தையில் அவர் சொல்லிவிடுவார் என்று நினைத்துத்தான் போயிருந்தேன்.

வகுப்பில் அவள் இரண்டாவது பெஞ்சில் உட்கார்ந்தாள். கரும்பலகையில் எழுதிவிட்டுத் திரும்பும்போதெல்லாம் என் கண் பெஞ்சுக்கு அடியில் போகும். இடது கணுக்கால், வலது கணுக்கால். ஷூ இறுக்கமாக இருக்கிறதா, சாக்ஸ் ரப்பர் அழுந்திய தடம் ஆழமாக இருக்கிறதா. விளையாட்டுப் பீரியடில் ஓடும்போது ஒரு காலைச் சாய்த்து வைக்கிறாளா. வீங்குவதாக இருந்தாலும் இத்தனை சின்ன வயதில் வீங்காது, அதற்குப் பல வருடம் ஆகும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தும் பார்த்தேன். வேறு எந்தப் பிள்ளையின் காலையும் நான் பார்த்ததில்லை.

அந்தக் கல்யாணத்துக்கு முந்தைய மாதம், பிப்ரவரியில், பெற்றோர் கூட்டம். முதல் தடவையாக அம்மா வந்தாள். மார்க் ஷீட்டில் கையெழுத்துப் போட்டாள், கணக்கில் நன்றாக வருகிறாள் என்று நான் சொன்னதைக் கேட்டுக்கொண்டாள். எழுந்து போகவில்லை. பின்னால் வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்துவிட்டு மேஜைக்குக் கிட்டே நாற்காலியை இழுத்தாள்.

"டீச்சர், ஒண்ணு சொல்றேன், தப்பா எடுத்துக்காதீங்க. அவ காலப் பாக்காதீங்க."

நான் ஏதோ சொல்ல வந்தேன்.

"வூட்டுல பாவாடைக்குள்ள காலை இழுத்துக்கினு உக்கார்றா. குளிக்கிறப்போ நீ வெளிய போன்றா. ஏண்டின்னு கேட்டா, மிஸ் என் காலையே பாக்குறாங்க, என் காலுக்கு இன்னாம்மா ஆச்சுன்றா. நான் அவகிட்ட எதுவும் சொல்லல. ரத்தம் பத்தி, புழு பத்தி எதுவும் சொல்லல. உங்களப் பாத்துத்தான் கண்டுபுடிச்சிருக்கா."

என் முகம் எப்படிப் போனதோ தெரியாது. அவள் கொஞ்சம் இறங்கிப் பேசினாள். "நானும் பாக்குறேன். அவ தூங்குறப்போ பாக்குறேன். அவளுக்குத் தெரியாமப் பாருங்க, இல்லாங்காட்டி பாக்காதீங்க." பிறகு எழுந்து, அடுத்த பெற்றோருக்கு நாற்காலியைத் தள்ளிவைத்துவிட்டுப் போனாள்.

அடுத்த திங்கட்கிழமை வகுப்பில் என் மேஜையைக் கரும்பலகைக்கு அந்தப் பக்கம் தள்ளிப்போட்டேன். அங்கிருந்து இரண்டாவது பெஞ்சின் மேல் பாதிதான் தெரியும். நோட்டுத் திருத்தக் கூப்பிடும்போது அவளுடைய முகத்தைப் பார்த்தே பேசினேன். முதல் இரண்டு நாள் அவள் சந்தேகத்தோடுதான் நின்றாள். பதில் சொல்லிவிட்டு என் கண் எங்கே போகிறது என்று பார்த்தாள். என் கண் கீழே போகத் துடிப்பது எனக்கே தெரிந்தது, சாக்பீஸை உள்ளங்கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். மூன்றாம் வாரம் விளையாட்டுப் பீரியட் முடிந்து வந்தவள் ஷூவில் மணல் என்று சொல்லி, என் மேஜைக்குப் பக்கத்திலேயே தரையில் உட்கார்ந்து, ஷூவையும் சாக்ஸையும் கழற்றித் தட்ட ஆரம்பித்தாள். நான் ஜன்னல் பக்கம் திரும்பி, நாளைக்கு யார் யார் கலர் பென்சில் கொண்டுவர வேண்டும் என்று வகுப்பைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.